பாலுக்குப் பதில் எந்தப் பால்? தாவரப் பாலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய பிறகு காலைக் காபி ஒத்துக்கொள்ளாமல் போனது. குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பும், கடமுடவென்று சத்தம் கேட்கும், சில நாள் இரண்டு மூன்று தடவை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். கொஞ்ச நாள் பாலை நிறுத்திப் பாருங்கள் என்றார் மருத்துவர். அன்று மாலையே கடைக்குப் போய் ஒரு லிட்டர் பாதாம் பால் பெட்டி வாங்கி வந்தேன். காபிக்கும் அதுதான், தயிருக்கும் அதுதான். காபி திரிந்து திப்பி திப்பியாக மேலே மிதந்தது. உறை ஊற்றி வைத்தது மறுநாள் காலையிலும் தண்ணீராகவே இருந்தது. நான்காம் நாள் அம்மா பழைய பாக்கெட் பாலுக்கே போய்விட்டார். வயிற்று உபாதையும் கூடவே திரும்பி வந்தது.

அப்போது எனக்குப் புரியாமல் இருந்தது இதுதான்: நம் வீட்டில் பால் ஒன்று, அது பார்க்கும் வேலைகள் ஐந்தாறு. காபிக்குக் கெட்டி கொடுக்கிறது, தயிராக உறைகிறது, பிள்ளைகளுக்குப் புரதமும் கால்சியமும் தருகிறது, பாயசத்தில் சுண்டி இனிக்கிறது. மாட்டுப் பால் இத்தனையையும் ஒரே பாத்திரத்திலிருந்து செய்துவிடும். சோயா, ஓட்ஸ், பாதாம், தேங்காய் என்று செடி கொடிகளிலிருந்து எடுக்கும் எந்தத் தாவரப் பாலும் தனியாக இத்தனையையும் செய்யாது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக மாற்று தேடினால் பணமும் மிச்சம், ஏமாற்றமும் இல்லை. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: ஏன் மாற்றுகிறீர்கள் என்று தெளிவாகுங்கள்

காரணத்தைப் பொறுத்து வழியே மாறும்.

பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குழந்தைப் பருவத்தில் அது நிறையச் சுரக்கும். வளர்ந்த பின் உலகில் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களால் புளித்து வாயுவாகிறது. அம்மாவுக்கு நடந்தது அதுதான். இது நோய் இல்லை, அளவைப் பொறுத்த விஷயம். ஒரு பெரிய டம்ளர் பால் வயிற்றைப் படுத்தும், காபியில் இரண்டு கரண்டி பால் ஒன்றும் செய்யாது என்பவர்கள் நிறைய உண்டு. தயிரில் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை ஏற்கெனவே தின்றுவிட்டிருக்கும். அதனால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு மோர் ஒத்துக்கொள்ளும். நெய்யில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே எல்லாவற்றையும் நிரந்தரமாகத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு வாரம் பாலையும் தயிர், மோரையும் முழுவதும் நிறுத்துங்கள், அப்புறம் மோரில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். எது படுத்துகிறது என்று வயிறே சொல்லிவிடும். லாக்டேஸ் நொதியைச் சேர்த்து லாக்டோஸை உடைத்த மாட்டுப் பாலும் கடையில் கிடைக்கிறது. கொஞ்சம் இனிப்பாக இருக்கும். மற்றபடி வழக்கமான பால்தான். காரணம் லாக்டோஸ் மட்டும்தான் என்றால் முதலில் அதை வாங்கிப் பாருங்கள். இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

பால் ஒவ்வாமை இதிலிருந்து முற்றிலும் வேறு. அது பாலின் புரதத்துக்கு உடல் காட்டும் எதிர்ப்பு. தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் வரை போகும். சிறு குழந்தைகளிடம்தான் அதிகம் காண்கிறோம். அவர்களுக்கு லாக்டோஸ் நீக்கிய பாலும் ஆகாது, மோரும் ஆகாது. இதில் வீட்டுப் பரிசோதனை வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். வயிற்றுப்போக்கோடு எடை குறைவதும் மலத்தில் ரத்தமும் இருந்தால் பால்தான் காரணம் என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள்.

மாடுகளை நினைத்தோ பூமியை நினைத்தோ விடுகிறீர்கள் என்றால் அதற்கும் வலுவான நியாயம் இருக்கிறது. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின் உலகச் சராசரிப்படி, ஒரு லிட்டர் மாட்டுப் பாலுக்குச் சுமார் 3 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வு. தாவரப் பால்களுக்கு 1 கிலோவை ஒட்டி. தண்ணீர் மாட்டுப் பாலுக்குச் சுமார் 628 லிட்டர், பாதாமுக்கு 371, ஓட்ஸுக்கு 48, சோயாவுக்கு 28. இது உலகச் சராசரி என்பதை மறக்க வேண்டாம். இரண்டு மாடு வைத்து வைக்கோலும் தவிடும் போட்டு வளர்க்கும் வீட்டுக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மாடு அசைபோடுகையில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வெளியேறுவது எந்த ஊரிலும் ஒன்றுதான்.

இரண்டாம் படி: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள்: காலைக் காபிக்கு எவ்வளவு, மாலை டீக்கு எவ்வளவு, உறை ஊற்ற எவ்வளவு, பிள்ளைகள் குடிப்பது எவ்வளவு, சமையலுக்கு எவ்வளவு. எங்கள் வீட்டில் ஒன்றரை லிட்டரில் முக்கால் லிட்டர் தயிருக்கே போய்க்கொண்டிருந்தது. பாலை நேரடியாகக் குடித்தவர் யாருமே இல்லை. இது தெரிந்ததும் பாதி குழப்பம் தீர்ந்தது.

மூன்றாம் படி: பெட்டியின் பின்பக்கம் படியுங்கள்

நம் ஊரில் பாதாம் பால் என்றால் பசும்பாலில் பாதாமும் குங்குமப்பூவும் சேர்த்துக் காய்ச்சியது. கடையில் குளிர்பெட்டியில் இருக்கும் பாட்டிலும் பெரும்பாலும் அதுதான். பால் ஆகாதவர் அதை வாங்கிக் குடித்துவிட்டுத் தவிக்கக் கூடாது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி தாவரத்தில் செய்ததைப் பால் என்ற பெயரில் விற்கக் கூடாது. தேங்காய்ப் பாலுக்கு மட்டும் விலக்கு. அதனால் பெட்டியில் ‘சோயா பானம்’, ‘ஓட் டிரிங்க்’ என்றுதான் போட்டிருக்கும். பச்சைப் புள்ளியை நம்பியும் வாங்காதீர்கள். அது சைவம் என்பதற்கான அடையாளம். பால் பவுடர் சேர்த்த பொருளிலும் அதே புள்ளிதான் இருக்கும். விலங்கிலிருந்து வந்த எதுவுமே இல்லை என்பதற்குப் பச்சை நிறத்தில் ஆங்கில ‘வி’ எழுத்தும் இலையும் கொண்ட தனி முத்திரை இருக்கிறது.

அப்புறம் புரதம். 200 மி.லி. டம்ளர் மாட்டுப் பாலில் 6 முதல் 7 கிராம் புரதம், 240 மி.கி. அளவில் கால்சியம். பாக்கெட் நிறத்துக்கு ஏற்ப மாறுவது பெரும்பாலும் கொழுப்புதான்: டோன்டு பாலில் 3 சதவீதம், நிலைப்படுத்தியதில் 4.5, முழுக் கொழுப்புப் பாலில் 6. கடையில் பரவலாகக் கிடைக்கும் தாவரப் பால்களில், புரதத்தில் மாட்டுப் பாலுக்கு ஈடாக நிற்பது சோயாதான். பெட்டியில் வருவதிலும் டம்ளருக்கு 6 கிராமை ஒட்டி இருக்கும். ஓட்ஸில் 2 கிராம் இருந்தாலே நல்லது. பாதாமில் 1 கிராம். அரிசிப் பாலில் அதற்கும் கீழே.

பாதாமில் புரதம் நிறைய இருக்கிறதே என்று கேட்கலாம். பாதாமில் இருக்கிறது, பெட்டியில் பாதாம்தான் இல்லை. பொருள் பட்டியலைப் பாருங்கள்: பல பிராண்டுகளில் பாதாம் 2, 3 சதவீதம்தான். ஒரு லிட்டருக்கு இருபது முப்பது கிராம், அதாவது இருபது சொச்சம் பருப்பு. அந்த விலைக்கு இருபது பாதாமை ஊறவைத்து மென்று தின்பது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

ஓட்ஸ் பாலில் சர்க்கரை சேர்க்கவில்லை என்று எழுதியிருந்தாலும் இனிக்கும். தொண்ணூறுகளில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்ட் உஸ்தே கண்டுபிடித்த முறையில், நொதியைக் கொண்டு ஓட்ஸின் மாவுச்சத்தை உடைக்கிறார்கள். அப்போது உண்டாகும் மால்டோஸ் என்ற சர்க்கரைதான் அந்த இனிப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கால்சியமும் வைட்டமின் பி12உம் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். 100 மி.லி.க்கு 120 மி.கி. கால்சியம் இருந்தால் மாட்டுப் பாலுக்குச் சமம். சேர்த்த கால்சியம் அடியில் படியும் என்பதால் ஒவ்வொரு முறையும் பெட்டியை நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். குலுக்காமல் குடித்தால் காசு கொடுத்து வாங்கிய கால்சியம் பெட்டியோடு குப்பைக்குப் போகும்.

நான்காம் படி: சோயா பாலை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்

பெட்டிப் பால் பாக்கெட் பாலைவிடப் பல மடங்கு விலை. தினமும் கட்டுப்படியாகாது. நூறு கிராம் சோயா பீன்ஸில் முக்கால் லிட்டருக்கு மேல் பால் கிடைக்கும்.

பச்சை வாடை வருகிறது என்று பலர் ஒரே முறையில் விட்டுவிடுகிறார்கள். அந்த வாடை பீன்ஸில் முதலிலிருந்தே இருப்பதில்லை. பச்சைத் தண்ணீரில் அரைக்கும்போது ஒரு நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. அந்த நொதியைச் சூட்டால் முடக்கிவிட்டால் வாடை பெருமளவு போய்விடும். செய்முறை இது:

பீன்ஸை எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். கோடையில் நடுவே ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். கையால் கசக்கினால் தோல் மிதந்து வரும், முடிந்த மட்டும் நீக்குங்கள். கொதிக்கிற தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு, பீன்ஸை அதில் ஐந்து நிமிடம் வேகவிட்டு வடியுங்கள். பிறகு வெந்நீர் விட்டே அரைக்க வேண்டும். மிக்ஸி ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஆவி மூடியைத் தள்ளிவிடும். மொத்தத் தண்ணீர் 900 மி.லி. அளவில் இருக்கட்டும். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துப் பிழிந்தால் நைசான பால் வரும்.

இனிதான் முக்கியமான இடம். சோயா பாலை அடுப்பில் வைத்தால், கொதிநிலைக்கு வெகு முன்பே நுரைத்துப் பொங்கும். கொதித்துவிட்டது என்று நினைத்து இறக்கிவிடக் கூடாது. பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. நன்றாகக் கொதித்தால்தான் அவை அடங்கும். இல்லையென்றால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். நுரையைத் தள்ளிவிட்டுத் தீயைக் குறைத்து, அடிபிடிக்காமல் கிளறியபடி, உண்மையாகக் கொதிக்க ஆரம்பித்த பிறகு முழுதாகப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஒரு கல் உப்பு போட்டால் சுவை தெளியும். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சக்கையை அடை மாவில் கலந்து வார்க்கலாம். அதையும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சோயாவும் கால்சியமும் அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரைக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

நிலக்கடலையிலும் இப்படிப் பால் எடுக்கலாம், சோயாவைவிட எளிது. கறுத்த, சுருங்கிய, பூஞ்சை பிடித்த கடலையை ஒன்றுவிடாமல் பொறுக்கி எறியுங்கள். அதில் வரும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

ஐந்தாம் படி: காபியும் டீயும்

தாவரப் பாலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் திரும்பிப் போகிறார்கள். காபியில் இருக்கும் புளிப்பும் சூடும் சேர்ந்து தாவரப் புரதத்தைக் கட்டியாக்கிவிடும். மாட்டுப் பால் இதைத் தாங்கும் அளவுக்குச் சோயாவும் பாதாமும் தாங்காது. காபிக்கென்று விற்கும் பெட்டிகளில் புளிப்பைத் தணிக்கப் பாஸ்பேட் உப்பும், கெட்டிக்குக் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். வீட்டுப் பாலில் அது இல்லை, அதனால் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கொதிக்கக் கொதிக்க இரண்டையும் சேர்க்காதீர்கள். இறக்கிய டிகாஷனை இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். பாலைத் தனியாக, ஆவி பறக்கும் வரை மட்டும் சூடாக்குங்கள். டம்ளரில் முதலில் பால், அதன் மேல் டிகாஷனைச் சிறுகச் சிறுக விடுங்கள். பிறகு டபராவில் நன்றாக ஆற்றுங்கள். நுரை வந்தால் பாதி ருசி வந்துவிடும். நன்றாக வறுத்த கொட்டையில் புளிப்பு குறைவு. இளம் வறுவலில் திரிந்தால் தூளை மாற்றிப் பாருங்கள்.

ருசிக்கு என் தேர்வு, காபிக்கென்று செய்த ஓட்ஸ் பால். செலவு பார்த்தால் வீட்டுச் சோயாவில் பத்து முந்திரியை ஊறவைத்து அரைத்துக் கலப்பது. முழுக் கொழுப்புப் பாலுக்குப் பழகிய நாக்குக்குச் சோயா மட்டும் ஒல்லியாகத் தெரியும். முந்திரியின் கொழுப்பு அந்தக் குறையை நிரப்பும். வீட்டில் அரைத்த ஓட்ஸ் பால் மட்டும் காபிக்கு வேண்டாம். சூடானதும் மாவுச்சத்து வெந்து கொழகொழவென்று கஞ்சியாகிவிடும்.

டீ எளிது. இஞ்சியும் ஏலக்காயும் தூளும் தண்ணீரிலேயே கொதிக்கட்டும், பாலைக் கடைசியில் விட்டுச் சூடேறியதும் இறக்குங்கள். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி இருப்பதால், அது முதலில் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் கொதித்தே ஆக வேண்டும்.

ஆறாம் படி: தயிர்

நன்றாக உறைவது சோயா. தண்ணீர் குறைத்துக் கெட்டியாக எடுத்த பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவையுங்கள். தாவரப் பாலில் லாக்டோஸ் இல்லை, பாக்டீரியாவுக்குத் தின்ன ஏதாவது வேண்டும். அதற்காக அரை லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி சர்க்கரை. லாக்டோஸ் மட்டும்தான் சிக்கல் என்றால் வழக்கமான தயிரிலேயே ஒரு கரண்டி உறை ஊற்றலாம். பாலே கூடாது என்பவர்கள் ஏழெட்டுப் பச்சை மிளகாயைக் காம்போடு கழுவி உள்ளே போட்டு மூடி வையுங்கள். காம்பில் இருக்கும் பாக்டீரியாவே உறையாக வேலை செய்யும். முதல் முறை அரைகுறையாக உறையும், லேசான மிளகாய் வாசமும் இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மறுபடி உறை ஊற்றினால் நல்ல தயிர் கிடைக்கும். கெட்ட வாடையோ நிறமோ தெரிந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

பெட்டிப் பாதாம் பால் உறையாது. உறைவதற்குப் புரதம் வேண்டும், அதில் இருப்பதோ பெரும்பகுதி தண்ணீர். தேங்காய்ப் பால் புளிக்கும், ஆனால் கொழுப்பு மேலேயும் தண்ணீர் கீழேயுமாகப் பிரிந்துவிடும்.

சோயா தயிரைச் சோற்றில் அப்படியே பிசைந்தால் முதல் நாள் யாருக்கும் பிடிக்காது. கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி தாளித்த தயிர்ச்சாதமாகவோ மோர்க்குழம்பாகவோ முதலில் கொடுங்கள்.

ஏழாம் படி: சமையல்

இங்கே புதிதாகக் கற்க எதுவுமில்லை. திருநெல்வேலிச் சொதியும் யாழ்ப்பாணத்துச் சொதியும் ஆப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப் பாலும் பாயசமும் நமக்கு எப்போதோ வழி காட்டிவிட்டன. இரண்டாம், மூன்றாம் பாலில் வேகவிட்டு, முதல் பாலை அடுப்பை அணைத்தபின் சேர்ப்பது என்ற பாட்டிகளின் விதியை வேறு எந்தத் தாவரப் பாலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெல்லப் பாயசத்தில் வெல்லப்பாகு ஆறியபின் பாலைச் சேர்த்தால் திரியாது. ஆனால் தேங்காய்ப் பாலைக் குடிக்கும் பாலுக்கு மாற்றாக நினைக்காதீர்கள். அதில் புரதமும் கால்சியமும் சொற்பம், நிறைவுற்ற கொழுப்பு அதிகம்.

எட்டாம் படி: பிள்ளைகள், கால்சியம், பி12

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலோ மருத்துவர் சொன்ன பால்மாவோதான் முக்கிய உணவு. எந்தத் தாவரப் பாலும் அந்த இடத்துக்கு வரக் கூடாது, மாட்டுப் பாலும் அப்படித்தான். ஒரு வயதுக்கு மேல் மாட்டுப் பால் கொடுக்க முடியாது என்றால், கால்சியமும் வைட்டமின்களும் சேர்த்த, இனிப்பில்லாத சோயா பால்தான் சத்தில் அதற்கு மிக அருகில் வருகிறது. அதையும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் அரிசிப் பாலை அன்றாடப் பாலாகக் கொடுக்க வேண்டாம். அரிசியில் ஆர்சனிக் என்ற நச்சு சேர்வதால் பிரிட்டனில் இதற்கு எதிராக அரசே அறிவுறுத்துகிறது.

வீட்டில் செய்த சோயா பாலில் புரதம் இருக்கும், கால்சியம் டம்ளருக்கு 50 மி.கி. அளவில்தான். மீதியைத் தட்டில் தேட வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மி.கி.க்கு மேல் கால்சியம், முருங்கைக் கீரையிலும் அதே அளவில். எள்ளுருண்டையும், அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு முள்ளோடு தின்னும் நெத்திலியும் கைகொடுக்கும். பாலக்கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலேயே உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்துக்கொள்வதால் உடலுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான்.

பி12 விஷயத்தில் தட்டும் உதவாது. சைவம் சாப்பிடுகிற வீடுகளில் அந்த வைட்டமின் வருவதே பால், தயிர், மோர் வழியாகத்தான். செடியிலிருந்து நம்பத் தகுந்த அளவில் அது கிடைக்காது. ஒரு நாளைக்குத் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், மிகக் கொஞ்சம்தான். ஆனால் அது இல்லாமல் போனால் ரத்தசோகை, கை கால் மரத்துப்போதல், மறதி என்று மெல்ல மெல்ல வரும். முட்டை, மீன், இறைச்சி எதுவும் தொடாதவர்கள் பால் பொருளையும் முழுவதும் விட்டால், அன்றிலிருந்தே பி12 மாத்திரைக்கு மருத்துவரிடம் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் அளவையும் பாருங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

எந்த வரிசையில் மாற்றுவது

முதல் வாரம் மாலை டீயை மட்டும் மாற்றுங்கள். தோற்றாலும் பெரிய இழப்பில்லை. இரண்டாம் வாரம் சமையல். காபிக்கு மூன்றாம் வாரம், அதற்குள் பால் எடுக்கும் கை பழகியிருக்கும். தயிரைக் கடைசியாக வையுங்கள். வழக்கமான தயிர் ஒத்துக்கொண்டால் மாற்றவே தேவையில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் முடிந்தது: அம்மாவின் காபி முந்திரி கலந்த சோயாவில், பாயசம் தேங்காய்ப் பாலில், மோர் மட்டும் பழையபடி அரை லிட்டர் பாக்கெட் பாலில். காபி குடித்துவிட்டு இப்போது அவர் நிம்மதியாகக் கோயிலுக்கு நடந்து போய்வருகிறார்.